‘கீன் இன்ட்ரஸ்ட்’ மனப்பாடம் செய்தால் ஆர்வம் வந்துவிடுமா?

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தால் போதும், ஹாஸ்டலில் ரூம் ரூமாக ஒரு ஜெராக்ஸ் தாள் சுற்ற ஆரம்பித்துவிடும். எப்போதோ ஏதோ ஒரு கோச்சிங் சென்டர் அச்சடித்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப் போயிருக்கும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். கீன் இன்ட்ரஸ்ட் என்றால் மிகுந்த ஆர்வம். ஏவிட் ரீடர் என்றால் மிகுந்த ஆர்வமுள்ள வாசகர். ஆர்டென்ட் சப்போர்ட்டர் என்றால் மிகுந்த ஆர்வமுள்ள ஆதரவாளர். ஈகர், ஃபெர்வென்ட், பேஷனேட், என்தூசியாஸ்டிக்.. எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வலது பக்கத்தை மட்டும் படித்தால் யாரோ வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு ‘மிகுந்த ஆர்வம்’ என்று இம்போசிஷன் எழுதின மாதிரி இருக்கும்.

அந்தத் தாளைத்தான் இன்றைக்கு வம்புக்கு இழுக்கப் போகிறேன். இப்படிப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது நம் ஆங்கிலத்துக்கும் நல்லதில்லை, நம் ஆர்வத்துக்கும் நல்லதில்லை என்பது என் கட்சி. முதலில் ஆங்கிலம், பிறகு ஆர்வம். திட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும் :)

டீக்கடையில் தெரிந்த விஷயம்

ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எதனோடு சேராது என்பதை ஆங்கிலத்தில் கொலோகேஷன் என்கிறார்கள். தமிழில் சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு தனி விஷயமாகப் பார்க்க வேண்டும் என்று 1950களில் வலியுறுத்தியவர் ஜே.ஆர்.ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர். அவருடைய மாணவர் ஹாலிடே 1966-இல் ஒரு உதாரணம் கொடுத்தார். இன்றுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனால் டீ என்றால் ஸ்ட்ராங் டீ, கார் என்றால் பவர்ஃபுல் கார். மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் கேட்பவன் ஒரு மாதிரி பார்ப்பான்.

நம்ம ஊர் டீக்கடையில் போய் நின்று பாருங்கள். “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். “பவர்ஃபுல்லா ஒரு டீ” என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஹாலிடேயைப் படித்துவிட்டா வந்தார்கள்? காதால் கேட்டார்கள், வாயால் சொன்னார்கள், முடிந்தது. சொற்சேர்க்கை இப்படித்தான் மனதில் ஒட்டுகிறது.

தமிழிலும் இதே சமாச்சாரம் உண்டு. நாம் அதை மரபு என்கிறோம். தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே மரபியல். எந்த உயிரின் குட்டியை எப்படிச் சொல்ல வேண்டும், ஆண் எது பெண் எது என்று வரிசையாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் மயில் அகவும், குயில் கூவும், வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை என்று படித்தோமே, மாற்றி எழுதினால் ‘மரபுப் பிழை’ என்று சிவப்பு மையில் சுழித்தார்களே, அதே கதைதான். சரி, ‘கொள்ளை ஆசை’, ‘அகோரப் பசி’, ‘அலாதிப் பிரியம்’ இதையெல்லாம் யாராவது பட்டியல் போட்டுப் படித்தோமா? பாட்டியிடம் போய் ‘அகோர ஆசை’, ‘அலாதிப் பசி’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ஏன் தப்பு என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியாது. ஆனால் தப்பு என்று தெரியும்.

பட்டியல் போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. டோக்கியோவில் இருந்த ஹரால்ட் பாமர் ஜப்பானிய மாணவர்களுக்காக 1933-இலேயே ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, நிஜமான நூல்களையும் பேச்சுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தச் சொல் எதன் பக்கத்தில் உட்காருகிறது என்று எண்ணிப் பார்த்தது. அதிலிருந்து 1987-இல் கோபில்ட் அகராதி வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் தனியாக ஒரு சொற்சேர்க்கை அகராதியே 2002-இல் போட்டது. இதெல்லாம் உழைப்பு. நம்ம ஜெராக்ஸ் தாள் இந்த உழைப்பிலிருந்து தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு சுளையைத் தூக்கி எறிந்துவிட்டது. அதுதான் என் புகார்.

தாள் சொல்லாமல் விட்டவை

கீன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கீன் ஐ, கீன் சென்ஸ் ஆஃப் ஸ்மெல், கீன் அப்சர்வர், கீன் இன்டலெக்ட்.. இதிலெல்லாம் ஆர்வம் எங்கே இருக்கிறது? இங்கே பொருள் கூர்மை. கூரிய கண், கூரிய மோப்பம், கூர்ந்து கவனிப்பவர், கூர்மதி. தமிழில் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது! ‘கூர்’ என்ற ஒரு சொல்லைக் கையில் கொடுத்திருந்தால் பாதி கீன் தானாகவே புரிந்திருக்கும். நம்ம தாளோ கீன் ஐ என்பதற்கும் ‘ஆர்வமுள்ள கண்’ என்று போட்டிருக்கிறது. கண்ணுக்கு என்ன ஆர்வம்? சைட் அடிக்கிற ஆர்வமா?

அதே கீன் காற்றோடு சேர்ந்தால் உடம்பைக் குத்தும் குளிர்காற்று. போட்டியோடு சேர்ந்தால் கடும் போட்டி. பிரிட்டனில் விலையோடு சேர்ந்தால் கட்டுப்படியாகிற குறைந்த விலை. பின்னால் ‘ஆன்’ வந்தால் ஒன்றின் மீது விருப்பம். பின்னால் ‘டு’ வந்தால் ஒன்றைச் செய்யத் துடிப்பு. முன்னால் ‘நாட்’ வந்துவிட்டால் கதையே வேறு. ஒரு பிரிட்டிஷ்காரர் “நாட் வெரி கீன்” என்று சொன்னால் ‘கொஞ்சம் ஆர்வம்’ என்று அர்த்தமில்லை. ‘வேண்டாம் சாமி, ஆளை விடு’ என்று மரியாதையாகச் சொல்கிறார். இது தெரியாமல் அவரிடம் போய் இன்னொரு தடவை வற்புறுத்தினால் என்ன ஆகும்?

மற்றவை மட்டும் என்ன.. ஏவிட் பெரும்பாலும் ஆளைத் தேடும் சொல். வாசகர், ரசிகர், சேகரிப்பவர் என்று ஒரு வேலையை விடாமல் செய்கிற ஆளுக்கு முன்னால் வந்து உட்காரும். ஆர்டென்ட் ஆதரவாளர், அபிமானி பக்கம் போகும். ஃபெர்வென்ட் நம்பிக்கை, பிரார்த்தனை பக்கம் சாயும். வொரேஷியஸ் பசியோடு வரும், வாசகரோடும் வரும், ஏனென்றால் அது விழுங்குகிற சொல். பர்னிங் ஆசையோடும் லட்சியத்தோடும் வரும். அபைடிங் இன்ட்ரஸ்ட் என்றால் வருடக்கணக்காக நிலைத்த ஈடுபாடு. பாஸிங் இன்ட்ரஸ்ட் என்றால் பஸ் ஜன்னலில் பார்க்கிற மாதிரி. வெஸ்டட் இன்ட்ரஸ்ட் என்றால் ஆர்வமே இல்லை, சொந்த லாபம். வட்டிக்கும் அதே இன்ட்ரஸ்ட்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்ட்ரஸ்ட் என்ற சொல்லைக் கண்டதும் ‘ஆர்வம்’ என்று எழுதுகிறவன் பேங்க் பாஸ்புக்கையும் காதல் கடிதம் என்று நினைப்பான்.

இவ்வளவு வித்தியாசத்தையும் சமப்படுத்தி, எல்லாவற்றுக்கும் நேராக ‘மிகுந்த ஆர்வம்’ என்று போடுவது சொல்லிக் கொடுப்பது ஆகாது. ரோடு ரோலர் விடுவது.

கூர் மழுங்கிய சொற்கள்

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். இவை எல்லாமே ஒரு காலத்தில் சூடும் சுரணையும் உள்ள சொற்கள்.

கீன் பழைய ஆங்கிலத்தில் துணிச்சலைக் குறித்த சொல். அதன் ஜெர்மன் உறவுக்காரச் சொல்லுக்கு இன்றும் துணிவு என்றுதான் பொருள். கத்தியின் கூர்மை பிறகு வந்தது. ஈகர் லத்தீனில் கூர்மை, புளிப்பு, காரம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் சமையலறையில் வைத்திருக்கும் வினிகரில் கடைசிப் பாதி அதே சொல்தான். புளித்த ஒயின் என்று பொருள். ஆர்டென்ட் என்றால் எரிகிற. ஃபெர்வென்ட் என்றால் கொதிக்கிற. ஏவிட் என்றால் பேராசை பிடித்த.

பேஷன் இன்னும் கனமானது. துன்பப்படுதல் என்பதுதான் அதன் லத்தீன் வேர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பேஷன்ட் அதே வேரில் பிறந்தவர். கிறிஸ்தவ நண்பர்களைக் கேளுங்கள், இயேசுவின் பாடுகளுக்கு ஆங்கிலத்தில் பேஷன் என்றுதான் பெயர். என்தூசியாசம் கிரேக்கத்தில் ‘கடவுள் உள்ளே புகுந்த நிலை’, நம்ம பாஷையில் சாமியாடுவது. பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஒரு வசவு. கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டவர்களைத் திட்டப் பயன்பட்டது. தத்துவவாதி ஜான் லாக் தன் புகழ்பெற்ற நூலின் 1700-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்.

துன்பப்படுவது, எரிவது, கொதிப்பது, சாமி வந்து ஆடுவது. இப்பேர்ப்பட்ட சொற்களை வைத்துக்கொண்டு இன்று என்ன செய்கிறார்கள்? “வாடிக்கையாளர் சேவையில் பேஷனேட்டாக இருக்கும் இளைஞர்கள் தேவை.” மாதச் சம்பளத்துக்கு நைட் ஷிஃப்டில் போன் எடுக்க ஒருத்தன் எரிந்து கொதித்துப் பாடுபட வேண்டுமாம்! தமிழில் எழுதும்போது ஃபேஷனுக்கும் பேஷனுக்கும் ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம். நிஜத்தில் அதுகூட இல்லை.

இனி ஆர்வத்தின் கட்சி

இப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் டிபார்ட்மென்டில் ஒருத்தன் இருக்கிறான். பெயர் வேண்டாம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஹாஸ்டலில் ஃபேன் நின்றால், மெஸ்ஸில் கிரைண்டர் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவோம். லீவுக்கு ஊருக்குப் போனால் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் உட்கார்ந்து காயில் கட்டுவான். மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே வாசனையை வைத்து, காயில் கருகிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவான். மாதிரி இன்டர்வியூ ஒன்றில் அவனிடம் “வாட் ஈஸ் யுவர் பேஷன்?” என்று கேட்டார்கள். பாவம், முழித்தான். அடுத்து போனவன் “ஐ ஆம் பேஷனேட் அபவுட் டெக்னாலஜி அண்ட் ஹேவ் எ கீன் இன்ட்ரஸ்ட் இன் இன்னோவேஷன்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். தாளில் இருப்பதுதான். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்டவர் ரீவைண்டிங் பையனுக்குக் கொடுத்த குறிப்பு: ‘ஆர்வம் போதாது’.

வயிறு எரிகிறதா இல்லையா? (இதுதான் ஒரிஜினல் ஆர்டென்ட்.)

அங்கே அளக்கப்பட்டது ஆர்வம் இல்லை. ஆங்கிலம்கூட இல்லை. ஒரு பாஸ்வேர்டு. அந்த இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்பவன் உள்ளே, சொல்லாதவன் வெளியே. சென்னையில் கான்வென்டில் படித்து, வீட்டில் அப்பா அம்மா இங்கிலீஷ் பேப்பர் வாங்கி வளர்ந்தவனுக்கு அந்த பாஸ்வேர்டு காற்றில் கிடைக்கிறது. மற்றவனுக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது, அதுவும் தப்பும் தவறுமாக. அவன் அதை மனப்பாடம் செய்து ‘ஐ ஹேவ் ஏவிட் ஹோப்’ என்று எழுதி வைப்பான். அதற்கும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டாலும் அடி, சொன்னாலும் அடி.

“ஆனா மார்க்குக்கு வேணுமே?”

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்வி. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வை எப்படித் திருத்துகிறார்கள் என்ற விதிகள் பொதுவில் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் சொற்சேர்க்கை பற்றிப் பெயர் சொல்லியே வருகிறது. பேண்ட் 7 வேண்டுமென்றால் அதில் ஓரளவு பிடிப்பு தெரிய வேண்டும். பேண்ட் 8-இல்கூட எப்போதாவது ஒரு சறுக்கலை மன்னிக்கிறார்கள்.

இதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் கேட்பது பிடிப்பு. எண்ணிக்கை இல்லை. கட்டுரையில் கீன், ஏவிட், ஆர்டென்ட் மூன்றையும் அள்ளித் தெளித்து, இரண்டைத் தப்பான இடத்தில் வைத்தால் அது பிடிப்பு இல்லை என்பதற்குச் சாட்சி. நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி! ‘வெரி இன்ட்ரஸ்டட்’ என்று சாதாரணமாக எழுதியவனாவது பிழை செய்யாமல் தப்பிப்பான். கிரேட் இன்ட்ரஸ்ட், ஸ்ட்ராங் இன்ட்ரஸ்ட், டீப் இன்ட்ரஸ்ட் என்று எளிய சேர்க்கைகள் இருக்கின்றன. எல்லாம் சுத்தமான ஆங்கிலம். அவற்றை எழுதினால் யாரும் மார்க்கைப் பிடுங்க மாட்டார்கள்.

இன்னொன்று. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு விண்ணப்பக் கடிதம் எழுதுவது நொடி வேலை ஆகிவிட்டது. எந்திரத்திடம் கேட்டால் முதல் பத்தியிலேயே ‘கீன் இன்ட்ரஸ்ட்’ போட்டுக் கொடுக்கும், இலவசமாக, பிழையில்லாமல். கடிதம் படிக்கிறவருக்கும் இது தெரியும். எல்லோரிடமும் இருக்கிற பாஸ்வேர்டுக்கு என்ன மதிப்பு? எந்த ஆர்வமும் இல்லாத ஒரு எந்திரம் நம்மைவிட அழகாக ஆர்வத்தைச் சொல்லும் காலத்தில், அந்தச் சொல்லை மனப்பாடம் செய்ய ராத்திரி கண் விழிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

சரி, என்னதான் செய்வது?

குறை சொல்வது சுலபம், வழி சொல் என்பீர்கள். என் சிற்றறிவுக்கு எட்டியது மூன்று.

ஒன்று. சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், குடும்பத்தோடு படியுங்கள். கீன் என்று ஒரு சொல்லை எடுத்தால் அது யாரோடு வருகிறது, பின்னால் ஆன் வருகிறதா டு வருகிறதா, நல்ல அகராதியில் உள்ள உதாரண வாக்கியம் என்ன என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு சொல் போதும். வருடத்துக்கு ஐம்பது. நாற்பது சொல்லை ஒரே ராத்திரியில் விழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு. உங்களுக்கு நிஜமாகவே பிடித்த விஷயத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். கிரிக்கெட் பிடித்தால் மேட்ச் ரிப்போர்ட். பைக் பிடித்தால் பைக் ரிவ்யூ. சமையல் பிடித்தால் ரெசிபி. ஸ்ட்ராங் டீ டீக்கடையில் ஒட்டிய மாதிரி சொற்சேர்க்கை தானாக ஒட்டும்.

மூன்று. எழுதி முடித்ததும் ஆர்வத்தைச் சொல்கிற அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா? ‘மூன்று வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன், வாசனையை வைத்தே கோளாறு சொல்வேன்’ என்று மிச்சம் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். இதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், தப்பு வந்தாலும் பரவாயில்லை. எந்திரத்தால் இதைக் கற்பனையாக எழுத முடியும், ஆனால் அடுத்த கேள்வி நேரில் வரும்போது பதில் சொல்ல நீங்கள்தான் வேண்டும். மிச்சம் ஒன்றுமே இல்லையென்றால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை. முதலில் எதையாவது செய்ய ஆரம்பியுங்கள், சொல் பிறகு வரும்.

இன்டர்வியூ எடுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. “உன் பேஷன் என்ன?” என்று கேட்காதீர்கள். “போன வாரம் யாரும் சொல்லாமல் நீயாக என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் ஆங்கிலத்தைத் தனியாகச் சோதியுங்கள், நியாயம்தான். ஆனால் ஆங்கிலம் வராததை ‘ஆர்வம் போதாது’ என்று எழுதாதீர்கள். அது பொய்.

திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளில் ‘ஆர்வலர்’ என்று ஒரு சொல் வருகிறது. அன்புடையவர் என்று பொருள். அன்பைத் தாழ்ப்பாள் போட்டு அடைக்க முடியாது, அவர்களுடைய கண்ணீரே அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்கிறார் வள்ளுவர். கவனித்தீர்களா, அந்த ஆர்வலருக்கு முன்னால் ‘மிகுந்த’ இல்லை, ‘தீவிர’ இல்லை, எந்த அடைமொழியும் இல்லை. தேவைப்படவில்லை.

டிஸ்கி: அடுத்த செமஸ்டருக்குள் அந்த ஜெராக்ஸ் தாளை யாராவது திருத்தி எழுதுவதாக இருந்தால் நானும் கூட உட்காரத் தயார். கீன் ஐ என்ற வரியிலிருந்து ஆரம்பிப்போம்.